வீடும் ஆறும் – 11: தேதி யார் கையில் இருக்கிறது?

தொப்பூரில் பிரியும் சாலைகளைச் சென்ற வாரம் பார்த்தோம். ஒன்று தருமபுரி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல்லுக்கு ஏறுகிறது. இன்னொன்று மேட்டூர் வழியாகப் பவானிக்கு இறங்குகிறது. இரண்டும் ஒரே காவிரியைத் தொடுகின்றன. தொடர்ந்து படிப்பவர்களுக்கு இவ்வளவு போதும். இந்த வாரம் கூட்டாஞ்சோற்றுக்குப் பாத்திரம் எடுத்துவைப்பதிலிருந்து ஆள் பிரிப்பதுவரை ஒரு கணவனும் மனைவியும் வீட்டில் செய்யும் ஏற்பாடுகளைச் சொல்வதாக இருந்தேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி குறுக்கே நிற்கிறது. பத்திருபது பேரைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போக எந்தத் தேதியைக் குறிப்பது? அதற்கு விடை தேடியபோது கிடைத்த ஓர் அட்டவணை, இந்த வாரத்துப் பக்கங்களைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டுவிட்டது. இத்தனை நாள் வழக்கறிஞர்களும் விவசாயிகளும் மட்டுமே புரட்டிய அந்தத் தாளை, ஆற்றுப் பயணம் போக நினைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் நாள்காட்டிக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும் என்பேன்.

காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று தந்த இறுதித் தீர்ப்பில், தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 192 டிஎம்சி வர வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதை 177.25 ஆகக் குறைத்தது. இந்த இரண்டு எண்களும் நமக்கு மனப்பாடம். ஆனால் அந்தத் தண்ணீர் எந்த மாதத்தில் எவ்வளவு வர வேண்டும் என்றும் ஒரு கணக்கு உண்டு. அதை அளக்கும் இடம் ஒகேனக்கல்லுக்குச் சற்று மேலே, எல்லையிலுள்ள பிலிகுண்டுலு. ஜூனில் 9.19 டிஎம்சி, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95, செப்டம்பரில் 36.76, அக்டோபரில் 20.22; நவம்பரில் 13.78, டிசம்பரில் 7.35, ஜனவரியில் 2.76; பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு 2.5. கூட்டினால் 177.25 சரியாக வரும். இது குறுவைக்கும் சம்பாவுக்குமான கணக்கு. ஆனால் பிலிகுண்டுலுவைக் கடக்கும் ஒவ்வொரு சொட்டும் ஒகேனக்கல் பாறைகளின் இடுக்கில் பரிசலைத் தூக்கிப்போட்டுவிட்டுத்தான் மேட்டூருக்குப் போகிறது. அதனால் இதுவே பரிசலுக்கான கணக்காகவும் ஆகிறது.

டிஎம்சியைக் கொண்டு பரிசல் ஓட்ட முடியாது. பரிசல் ஓட்டி பார்ப்பது விநாடிக்கு எத்தனை கன அடி என்பதை. மாற்றுவது எளிது. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. ஒரு நாளில் 86,400 விநாடிகள். ஆகவே நாளொன்றுக்கு ஒரு டிஎம்சி ஓடினால் அது விநாடிக்கு 11,574 கன அடி. இதை வைத்து அட்டவணையைப் பெருக்கி வகுத்தால், ஆகஸ்டில் சராசரியாக 17,150 கன அடி ஓட வேண்டும், அக்டோபரில் 7,550, நவம்பரில் 5,300, டிசம்பரில் 2,750, ஜனவரியில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே, மார்ச்சிலும் மே மாதத்திலும் ஆயிரத்துக்குக் கீழே. இப்போது நம் வீடுகளில் ஒகேனக்கல்லுக்குத் தேதி குறிக்கும் விதத்தை இதன் பக்கத்தில் வையுங்கள். பள்ளி விடுமுறை என்று மே மாதத்தில் போகிறோம். பதினெட்டாம் பெருக்கு என்று ஆகஸ்ட் தொடக்கத்தில் போகிறோம். ஆண்டிலேயே ஆறு மிக மெலிந்திருக்கும் மாதம் ஒன்று, மிகப் பருத்திருக்கும் மாதம் இன்னொன்று. இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு நடுவிலுள்ள நல்ல மாதங்களை விட்டுவிட்டோம். நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் கடைசிவரை வெயில் இதமாக இருக்கும், அருவியிலும் தண்ணீர் விழும், பரிசலுக்கு அடியில் பாறை தட்டாத அளவுக்கு ஆழமும் இருக்கும்.

உடனே ஒரு மறுப்பு வரும். அட்டவணை என்பது வர வேண்டிய தண்ணீர். வருகிற தண்ணீர் வேறு. உண்மைதான். அது வழக்கமான மழை பெய்யும் ஆண்டுக்கு எழுதப்பட்டது. 2023-24இல் தண்ணீருக்காகக் காவிரி நீர் மேலாண்மை ஆணையத்திலும் நீதிமன்றத்திலும் நின்றோம். அடுத்த ஜூலை இறுதியிலேயே வெள்ளம் வந்து, 2024 ஜூலை 30 அன்று மேட்டூர் தன் முழு உயரமான 120 அடியை எட்டியது. அந்த நாட்களில் ஒகேனக்கல்லில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் ஓடியது; பரிசலுக்கும் குளியலுக்கும் தடை. அட்டவணைச் சராசரியைப் போலப் பல மடங்கு. ஆனால் இது அட்டவணையின் பயனைக் குறைப்பதில்லை. அதை எந்த வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான் காட்டுகிறது. மாதத்தைத் தேர்ந்தெடுக்க அட்டவணை, நாளைத் தேர்ந்தெடுக்கச் செய்தித்தாள். கபினி, கிருஷ்ணராஜ சாகர் இரண்டிலிருந்தும் திறக்கப்படும் அளவு தினமும் அச்சாகிறது. அந்தத் தண்ணீர் எல்லையைத் தொட இரண்டு மூன்று நாள் ஆகும். கிருஷ்ணராஜ சாகரின் முழு மட்டம் 124.80 அடி. அணை அதை நெருங்கி நிற்கும்போது குடகில் மழை வலுத்தால், வருகிற தண்ணீரைத் தேக்கிவைக்க அங்கே இடமில்லை, அப்படியே கீழே வரும். ஆகவே சனிக்கிழமை புறப்பட வேண்டிய கூட்டத்துக்கு, புதன்கிழமைச் செய்தித்தாளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஒகேனக்கல்லில் காவிரியோடு சேரும் சின்னாறு மட்டும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைகளில் ஒரு மாலை கொட்டினால் அன்றே அது செந்நிறமாக ஒகேனக்கல்லுக்கு வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் அக்டோபர் கடைசியை நல்ல மாதங்களில் சேர்க்காமல் விட்டதற்குக் காரணம் இதுதான்.

அணை திறப்பதைப் பார்த்துப் பயணம் வைப்பது புதிய யோசனையும் இல்லை. மகாராஷ்டிரத்தின் கோலாடில் குண்டலிகா ஆற்றில் ராஃப்டிங் நடப்பதே, நீர்மின் நிலையத்திலிருந்து காலையில் விடும் தண்ணீரை நம்பித்தான். தண்ணீர் விடும் நேரத்துக்கு வந்து சேராதவர்களுக்கு அன்று படகு இல்லை. கர்நாடகத்தின் தாண்டேலியில் காளி ஆற்றுப் படகுகள் சூபா அணையைப் பார்த்து நிற்கின்றன. ரிஷிகேஷில் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் கங்கையில் ராஃப்டிங்கை மூடிவிடுகிறார்கள். கோடை விடுமுறைக் கூட்டத்தைவிடப் பெரிய கூட்டம் வந்தாலும் திறப்பதில்லை. அங்கெல்லாம் ஆறு தேதி சொல்கிறது, மனிதர்கள் விடுப்பு எடுக்கிறார்கள். நம்மிடம் விடுப்பு தேதி சொல்கிறது, ஆறு அதற்கு ஒத்துவர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பதினெட்டாம் பெருக்கின் நியாயமே வேறு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெருகிவரும் ஆற்றைக் கரையில் நின்று வணங்கும் நாள் அது. முளைப்பாரியை விடுவதற்கும் தாலிக்கயிறு மாற்றுவதற்கும் படித்துறை போதும். ஆற்றின் நடுவுக்குப் போக உகந்த நாளாக நம் முன்னோர் அதைக் குறிக்கவில்லை. வணங்கும் நாளையும் பரிசல் ஏறும் நாளையும் ஒன்றாகச் சேர்த்தது சுற்றுலாவின் வேலை.

இவ்வளவு தெரிந்த பிறகும் தேதியை ஏன் மாற்ற முடிவதில்லை? இந்தத் தொடரின் மையமான வாதத்துக்கு இங்கே வந்துவிட்டோம். சோம்பலோ அறியாமையோ காரணம் என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் வேலை பிரிந்திருக்கும் விதம்தான் காரணம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். ஈடுபடுவோரின் விகிதமே பெண்களில் 81 சதவீதம், ஆண்களில் 26 சதவீதம். ஒரு கூட்டுப் பயணம் இந்த 299 நிமிடத்தின் மேல்தான் ஏறி உட்காருகிறது. புளிசாதம், கட்டுச்சாதம், குழந்தைகளுக்கு மாற்றுத்துணி, மாமியாருக்கு மாத்திரை, பக்கத்து வீட்டில் சொல்லி மாட்டுக்குத் தண்ணீர், வரப்போகும் ஏழெட்டு வீட்டாரிடமும் போன் போட்டுப் பங்குப் பணம். இவை அத்தனையும் ஒரே ஆளின் தோளில் இருந்தால், வெள்ளிக்கிழமை இரவுக்குள் அவர் மூன்று நாள் உழைப்பைப் போட்டு முடித்திருப்பார். சனிக்கிழமை விடிகாலையில் ‘நீர்வரத்து கூடியிருக்கிறது, வேண்டாம்’ என்று சொல்வதென்றால், அந்த மூன்று நாளையும் குப்பையில் போடுவதாக அர்த்தம். கணவனுக்கு அதைச் சொல்லக் கூச்சம். மனைவிக்குச் சொல்லவே வாய்ப்பில்லை, ஏனென்றால் நீர்வரத்தைப் பார்க்கும் வேலை அவரிடம் கொடுக்கப்படவில்லை. வேன் புறப்பட்டுவிடும். ரத்து செய்வதன் விலை ஒரே தலையில் விழும் வீட்டில் ரத்து செய்யவே முடியாது. அது இரண்டு பேருக்கும் பாதிப் பாதியாகப் போனால் விலை மலிகிறது. அதனால்தான் சமையலைப் பகிர்ந்துகொள்வதை நான் லைஃப் ஜாக்கெட்டின் வரிசையில் வைக்கிறேன்.

இதற்கு வெளிநாட்டிலிருந்து இரண்டு தம்பதியரைச் சாட்சிக்கு அழைக்கிறேன். 1928 அக்டோபரில் கிளென் ஹைடு, பெஸ்ஸி ஹைடு என்ற புதுமணத் தம்பதி, கிளென் தன் கையால் செய்த மரப்படகில் அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து கிராண்ட் கேன்யன் வழியாக இறங்கினார்கள். வேகத்தில் ஒரு சாதனை, அந்தப் பள்ளத்தாக்கைப் படகில் கடந்த முதல் பெண் என்ற பெயர் பெஸ்ஸிக்கு, பிறகு ஊர் ஊராகச் சொற்பொழிவு என்று திட்டம். லைஃப் ஜாக்கெட் எடுத்துக்கொள்ளவில்லை. வழியில் எமரி கோல்ப் என்ற புகைப்படக்காரர் தர முன்வந்ததையும் மறுத்தார்கள். நவம்பர் 18 அன்று கடைசியாகக் கண்ணில் பட்டார்கள். டிசம்பரில் படகு மட்டும் கவிழாமல், சாமான்கள் எல்லாம் அப்படியே இருக்கக் கிடைத்தது. இருவரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. என்ன நடந்தது என்று பலவிதமாகக் கதை கட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கதைகளில் அக்கறையில்லை. படகுக்குள்ளும் இருவர், திட்டத்துக்குள்ளும் அதே இருவர். நின்று பார்த்துப் ‘போதும்’ என்று சொல்ல வெளியே யாரும் இல்லை. சாதனைக்காகக் காலம் குறித்துக்கொண்டதால் உள்ளேயும் சொல்ல முடியவில்லை. என் கவனம் அங்கேதான் நிற்கிறது.

அடுத்த தம்பதி நார்மன் நெவில்ஸ், டோரிஸ் நெவில்ஸ். 1933இல் மணம் முடித்து, தேனிலவுக்கே சான் ஹுவான் ஆற்றில் இறங்கினார்கள். பழைய குதிரைத் தொட்டியையும் கழிப்பறைப் பலகைகளையும் சேர்த்து அடித்த படகு அது. யூட்டாவின் மெக்சிகன் ஹேட் என்ற குக்கிராமத்தில் அவர்களுடைய வீடுதான் பயண அலுவலகமும் விடுதியும். இரண்டு மகள்களை வளர்த்துக்கொண்டே, படகை நார்மனும், வந்தவர்களைக் கவனிப்பது, சாப்பாடு, வண்டி ஏற்பாடு ஆகியவற்றை டோரிஸும் பார்த்தார்கள். 1938 ஜூன் 20 அன்று யூட்டாவின் கிரீன் ரிவர் ஊரிலிருந்து நார்மன் கூட்டிச்சென்ற குழுவில்தான் தாவரவியலாளர்கள் எல்சாடா குளோவர், லோயிஸ் ஜாட்டர் இருவரும் போய், கிராண்ட் கேன்யனை முழுக்கப் படகில் கடந்ததாகப் பதிவான முதல் பெண்கள் ஆனார்கள். பலரும் சொல்லும் செய்தி இது. எனக்குப் பெரிதாகப்படுவது நடுவில் நடந்தது. தொடக்கத்திலேயே ஒரு படகு அவிழ்ந்து தனியாக ஓடியது. ஆற்றில் வெள்ளம் அதிகம். கால அட்டவணை தவறிப்போனது. லீஸ் ஃபெர்ரி என்ற இடத்தை அடைந்ததும், ஒருவர் தன் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் விலகினார், இன்னொருவரும் விலகினார், அவர்களுக்குப் பதில் வேறு இருவர் ஏறினார்கள். பயணம் தொடர்ந்தது. விலகியவர்களைக் கோழை என்று ஒதுக்காமலும், அவர்களுக்காகப் பயணத்தை நிறுத்தாமலும் இருப்பதற்குக் கரையில் ஏற்பாடு வேண்டும். மாற்று ஆள், வண்டி, தகவல் என்று அந்த ஏற்பாடு முழுவதும் வீட்டிலிருந்து வருவது. நெவில்ஸ் தம்பதி 1949 செப்டம்பர் 19 அன்று இறந்தது ஆற்றில் இல்லை, விமான விபத்தில். பல ஆண்டுகள் தொழிலாகக் கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கொடிய நீர்விரைவுகளில் கொண்டுபோனவர்கள் அவர்கள்.

‘இதெல்லாம் பெரிய ஆறுகளுக்கு, ஒகேனக்கல்லில் அரை மணி பரிசலுக்கு இத்தனை ஆராய்ச்சியா? ஆபத்து என்றால் கலெக்டரே தடை போட்டுவிடுகிறாரே’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதனால் முழுசாகப் பதில் சொல்கிறேன். 2015 ஜூலையில் ஒகேனக்கல்லில் ஒரே குடும்பத்தினர் சென்ற பரிசல் கவிழ்ந்து உயிர்கள் போனதை இந்த வட்டாரம் மறக்கவில்லை. அரை மணி என்பதால் ஆழம் குறைந்துவிடுவதில்லை. பரிசல் உண்மையில் அருமையான கலம். அடி தட்டையான வட்டம். ஒரு சாண் தண்ணீரில் மிதக்கும். பாறையில் மோதினால் நின்று போராடாமல் சுழன்று விலகும். மூங்கில் பின்னலின் மேல் முன்பு தோல் போர்த்தினார்கள், பிறகு பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்தன. ஆனால் அந்த வட்டத்துக்கு எதிரி, ஒரு பக்கமாகச் சாயும் எடை. கூட்டமாக வருகிறவர்களின் இயல்போ ஒரு பக்கமாகச் சாய்வதுதான். ஒருவர் அருவியைக் காட்டினால் எல்லோரும் திரும்புகிறார்கள். இதைத் தடை உத்தரவு பார்த்துக்கொள்ளாது. தடை என்பது வெள்ளத்துக்கானது. தடை வராத நாளில் எத்தனை பேர் ஏற வேண்டும், எழுந்து நிற்கக் கூடாது என்பதையெல்லாம் கூட்டத்தைக் கூட்டிவந்தவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பரிசல் ஓட்டி சொன்னால் ‘காசு கொடுத்திருக்கிறோம்’ என்பவர்கள், சொந்தக்காரர் வீட்டிலேயே சொல்லியிருந்தால் கேட்பார்கள்.

அனுமதி மட்டும் போதாது என்பதற்குத் தமிழ்நாட்டின் கொடிய சாட்சி குரங்கணி. 2018 மார்ச் 11 அன்று அங்கே மலையேறப் போன இரண்டு குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அவர்களில் தம்பதியரும் இருந்தார்கள். குழு, வழிகாட்டி, வார இறுதி, உற்சாகம் எல்லாம் இருந்தன. மார்ச் மாதம் தீயின் மாதம் என்பது மட்டும் தேதிக்குள் வரவில்லை. அதன் பிறகு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைப்பாதைகளோடு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து, பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீப்பருவத்துக்காகப் பாதைகளை மூடும் வழக்கத்தையும் சேர்த்தே நடத்துகிறார்கள். அதாவது மலைக்கு ஒரு நாள்காட்டி வந்துவிட்டது. ஆற்றுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று அரசிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அது வரும்வரை பிலிகுண்டுலு அட்டவணையைக் கையில் வைத்திருப்பதில் தவறில்லை.

கடைசி மறுப்பு, என் பார்வையில் கனமானது. ‘டிசம்பரில் விடுப்பு கிடைக்காது, கூலி வேலைக்காரருக்கு விடுப்பே கிடையாது, மே மாதத்தை விட்டால் குழந்தைகள் வெளியே போகவே மாட்டார்கள்.’ இதற்கு நான் தேதியை விடச் சொல்ல மாட்டேன். இடத்தை மாற்றச் சொல்வேன். மே மாதத்தில் அருவி மெலிந்தாலும் தொப்பூரிலிருந்து இன்னொரு சாலை மேட்டூருக்குப் போகிறதே. அணைப் பூங்காவும் நீர்த்தேக்கத்தின் கரையும் விடுமுறைக் கூட்டத்துக்குப் போதும். அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் விழுவதும் நம் அதிர்ஷ்டம். அட்டவணையின் நல்ல மாதமும் பள்ளி விடுமுறையும் அங்கேதான் சேர்கின்றன. கோவை மாவட்டத்தில் பில்லூர் அணைப் பக்கம் பரளிக்காட்டில் வனத்துறை நடத்தும் பரிசல் பயணத்தில், முன்பதிவு இல்லாமல் ஏற முடியாது. மலைவாழ் மக்கள் சமைத்துப் போடும் மதியச் சாப்பாடும் அதிலேயே அடங்கும். சமையல் அந்த ஊரிலேயே கூலியுள்ள வேலையாக மாறிவிடுவதால், கூட்டிப்போகும் வீட்டின் வெள்ளிக்கிழமை இரவு லேசாகிறது. வெள்ளிக்கிழமை லேசான வீட்டில்தான் சனிக்கிழமை மனம் மாற முடியும்.

திரும்பும் பயணத்தையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். சேலத்துக்காரர்கள் ஒகேனக்கல்லிலிருந்து இருட்டிய பிறகு கிளம்பினால், களைத்த ஓட்டுநரோடு தொப்பூர்க் கணவாயில் இறங்குவார்கள். தருமபுரியிலிருந்து சேலம் போகும் திசைதான் அங்கே சரிவு. பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகளை மோதிய விபத்துகள் நடந்திருப்பதும் அந்தத் திசையில்தான். நாள் முழுதும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு கவனமாக இருந்தவர்கள், அருவிக்கரையில் மீன் வறுவலுக்குக் காத்திருந்து இரண்டு மணி நேரத்தை இழந்து இந்தச் சரிவை இரவில் கடப்பது சரியான பேரம் இல்லை. மாலை நான்கு மணிக்குப் புறப்பாடு என்று முதலிலேயே எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட வேண்டும்.

இருபது பேர் என்றால் ஐந்து பரிசல். எந்தப் பரிசலில் யார், நீச்சல் தெரிந்தவர் எதில், ஆறு வயதுப் பிள்ளை யார் மடியில், பாட்டி கரையிலா படகிலா? பங்குப் பணத்தில் ரத்துக்கு என்று எவ்வளவு ஒதுக்குவது? பாத்திரப் பட்டியலும் இதோடு சேர்ந்ததுதான். அடுத்த இதழில் அதை முதல் வரியிலேயே தொடங்குகிறேன்.